ஆழமானியும் ஈயக்குண்டும்

இருள் கவியும் வேளையில் அறியாத குடாவொன்றினுள் நுழையும் பாய்ப்படகோட்டிக்கு ஆழமானியே கண். அது பிழைத்தால் அவன் பெட்டியைத் திறக்கவே விரைகின்றான். குறையோ பலவேளை படகின் அடியில் இருக்கும். ஒலி கடல்நீரிற் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். மீளும் ஒலியை வாங்கும் முகத்திலே பாசியுஞ் சிப்பியும் படிந்தால் எதிரொலி தேய்ந்துவிடும். கருவி மௌனமானால் நல்லதே, மாலுமி விழித்துக்கொள்வான். இருமுறை மோதி மீண்ட ஒலியை ஏற்று 2 மீற்றரை 4 எனக் காட்டும் கருவியே படகை மணற்றிட்டில் ஏற்றுவது.

ஆதலால் முதலில் இறக்கவேண்டியது பழைய ஈயக்குண்டுக் கயிறு. குண்டின் அடிக்குழியிற் பூசிய கொழுப்பு, கீழே மணலா சேறா என்பதையுங் கொண்டுவரும். இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு எங்கும் ஒன்றேயாயின் கருவியிற் பழுதில்லை: கயிறு நீர்மட்டத்திலிருந்து அளக்கின்றது, கருவி அடிக்கட்டையிலிருந்து அளக்குமாறு அமைக்கப்பட்டிருக்கலாம். வேறுபாடு இடத்துக்கிடம் மாறினாலே படகைக் கரையேற்றி அம்முகத்தைத் துடைத்துப் பார்க்கவேண்டும்.