துன்ஹிந்தவிலிருந்து ஒரு தோட்டத்து ஓடை வரை

ஊவாவைப் பற்றி எழுதப் புகுவோர் யாவரும் அதன் நீர்வீழ்ச்சிகளிலிருந்தே தொடங்குவது வழக்கம். அவ்வழக்கத்தை மீற நாமும் விரும்பவில்லை. இலங்கையிலுள்ள நீர்வீழ்ச்சிகளுள் மிக உயரமானதாகிய பம்பரகந்த (863 அடி) இம்மாகாணத்தில்தான் இருக்கிறது. கொஸ்லந்தைக்கு அண்மையில் 722 அடி உயரத்திலிருந்து வீழும் தியலுமவும் இம்மாகாணத்துக்கே உரியது. பதுளை நகரிலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் தூரத்திலுள்ள துன்ஹிந்த 210 அடியே உயரமுடையதாயினும், புகையெனக் கிளம்பும் அதன் திவலையைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை. சிங்களத்தில் 'தும்' என்பது புகையைக் குறிக்கும். அதிலிருந்தே இப்பெயர் வந்ததென்பர்.

பண்டாரவளையிலிருந்து பஸ் வண்டியில் பதுளைக்கு வந்து சேர்ந்த நம்மை, நண்பர் ஒருவர் எதிர்கொண்டு அழைத்தார். பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடன் அவர் தமக்கையாரின் மகனும் வந்திருந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தோட்டத்தில் எல்லாரும் நண்பரை 'வாத்தியார் ஐயா' என்றழைக்க, இவ்வாலிபர் மட்டும் 'மாமா' என்கிறார்.

பெருந்தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் காட்டுப் பாதையில் நடந்து துன்ஹிந்தவின் எதிரே நின்றோம். கூட்டத்தினர் எல்லாரும் தலையை நிமிர்த்தி உச்சியையே நோக்கி நின்றனர். வாலிபரோ அருவி விழும் தடாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தண்ணி வெள்ளையா நுரைச்சுக் கெடக்கு பாருங்க. பாதி காத்து. அதுல ஆள் மெதக்க மாட்டான். எவ்வளவு நீச்சல் தெரிஞ்சாலும் அந்த எடத்துல கை புடிக்காது" என்றார்.

அதுவரை நாம் நுரையை அழகென்றே எண்ணியிருந்தோம். காற்றுக் கலந்த நீருக்கு மனிதனைத் தாங்கும் வலிமை குறைவு; அன்றியும் மேலிருந்து வீழும் நீர் அடியிற் சென்று மீண்டும் அருவியின் பக்கமே திரும்பி உருளுவதால், அகப்பட்டவனை வெளியே விடுவதில்லை. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் அவர் அவ்விடத்திலேயே விளக்கினார். எழுபது வயது நண்பர் மாணவரைப் போலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாலிபரின் கதை கித்துல்கலையில் தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட அதே களனி கங்கைக் கரையில், இக்காலத்தில் உல்லாசப் பிரயாணிகளைக் காற்றடைத்த றப்பர்ப் படகுகளில் ஏற்றிப் பாறைகளினூடே ஓட்டிச் செல்கிறார்கள். தோட்டத்தை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்ற இவர் முதலில் அங்கே படகு சுமந்தார். பின்னர் துடுப்புப் பிடித்தார். சில ஆண்டுகளில் பிரயாணிகளை வழிநடத்தும் நிலைக்கு உயர்ந்தார். ஒருவர் மட்டும் அமரும் கயாக் என்னும் சிறு படகையும் பழகிக்கொண்டு, நீர்மீட்புப் பயிற்சியிலும் தேறினார். இப்பொழுது அவர் முயல்வது அதற்கும் மேற்பட்ட ஒன்று: மீட்கக் கற்றவர் என்ற நிலையிலிருந்து, பிறருக்கு மீட்கக் கற்பிக்கும் தகுதி பெற்றவராவது.

இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரத்தை நாம் முதலில் உணரவில்லை. நன்றாக நீந்துபவன் நன்றாகக் கற்பிக்க மாட்டானா என்றுதான் கேட்டோம்.

மேல்நாடுகளில் துடுப்புப் படகோட்டுவோருக்கெனப் பழைய சங்கங்கள் உள. அமெரிக்கக் கனூ சங்கம் 1880இல் தோன்றியது. 1936இல் தோன்றிய பிரித்தானியக் கனூ சங்கம் இன்று பெடல் யூகே என்னும் பெயருடன் இயங்குகிறது. இத்தகைய சங்கங்கள் பாடம் நடத்த விரும்புவோரை எளிதில் விட்டுவிடுவதில்லை. தம் கைத்திறனைக் காட்டவேண்டும். முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். பயிற்சிப் பட்டறையில் அமரவேண்டும். அதன்பின் பரீட்சகர் முன்னிலையில் மாணவரை வைத்துப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். அமெரிக்கச் சங்கம் அளிக்கும் தகுதி நான்கு ஆண்டுகளுக்கே செல்லும். இடையில் பாடம் நடத்தாதவர் அதை இழக்க நேரிடும். பல்கலைக்கழகப் பட்டங்களுக்கும் இப்படியொரு விதி இருந்தால் எத்தனை பேர் தேறுவோமோ, அறியோம்.

நமது வாலிபர் முதன்முறை பரீட்சையில் தவறினார். அதை அவர் மறைக்கவில்லை; சிரித்துக்கொண்டே சொன்னார். பயிற்சியின்போது மாணவன் ஒருவன் படகு கவிழ்ந்து நீரில் விழுந்தான். அவனை மீட்க வேண்டியவர் மற்றொரு மாணவர். அவர் கயிற்றைத் தேடித் தடுமாறிய இரண்டு கணத்துக்குள் இவரே பாய்ந்து போய்த் தூக்கிவிட்டார். "நல்லாக் காப்பாத்துறீங்க. ஆனா இங்க யாரும் ஒண்ணும் படிக்கல" என்று பரீட்சகர் கூறினாராம். மாணவனின் கை பிழைக்கும்போது தன் கையைக் கட்டிக்கொண்டு, ஆனால் கண்ணை எடுக்காமல் நிற்பதே அத்தொழிலின் கடினம் என்று அவர் கூறியபோது, முப்பதாண்டு கரும்பலகை முன் நின்ற நண்பர், "அது எல்லா வாத்தியாருக்கும் உள்ளதுதான்டா" என்றார்.

பாய்ந்துவிடும் அவ்வழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்ததென்பதை மறுநாட்காலை அறிந்தோம்.

அவர் பிறந்த தோட்டத்துக்கு மலையேறிச் சென்றோம். லயத்து முற்றத்தில் சிவப்பு நிறக் கயாக் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் யாரோ சேலை உலர்த்தியிருந்தார்கள். லயத்துக்குக் கீழே தேயிலைச் சரிவைக் கடந்தால் ஓர் ஓடை; ஓடையின் குறுக்கே, தொழிற்சாலைக்கு நீர்கொண்டு செல்வதற்காக முற்காலத்தில் கட்டிய சிறு அணை. வாலிபர் பள்ளியில் படித்த நாளில், ஒரு விடுமுறையன்று, அவருடைய வகுப்புத் தோழன் ஒருவன் அவ்வணையில் வழுக்கி விழுந்தான். இன்னொருவன் அவனைப் பிடிக்கப் பாய்ந்தான். இருவருக்கும் நீச்சல் தெரியாது. இருவரும் மீளவில்லை. கரையில் நின்ற மூன்றாமவர் இவர். "அங்க ஒரு நீட்டு மூங்கில் கெடந்திச்சு ஐயா. இப்பவும் அது என் கண்ணுல தெரியும். அதை நீட்டணும்னு எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல்ல" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

தோட்ட மக்கள் நீர்வளத்தின் நடுவே வாழ்ந்தும் நீச்சல் அறியாதிருப்பது புதுமையன்று. குளிப்பதும் குடிநீர் எடுப்பதும் பீலிக்கரையில்; பீலியில் விழும் நீரில் எவரும் நீந்தக் கற்க முடியாது. 'ஆத்துப்பக்கம் போகாதே' என்பதே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே நீர்ப்பாடம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர்; அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 29 வயதை எட்டாதவர்கள். மலைநாட்டில் நீரும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் ஊவா மலைகளுக்கிடையே புதிய நீர்த்தேக்கங்களை உண்டாக்கியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலோ ஓடைகளையெல்லாம் ஒரே இரவில் ஆறுகளாக்கி, மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் பதுளை மாவட்டத்தை மிகவும் வருத்திச் சென்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் வேலையில்லை. அணைக்கரையில் இருபது முப்பது பேர் கூடினர். சிறுவரும், பாடசாலை மாணவிகளும், கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலரும் இருந்தனர். பரீட்சைக்குமுன் பழகிக்கொள்வதற்காக வாலிபர் வாரந்தோறும் இப்படிப் பாடம் நடத்துகிறார். மலையில் மழை பெய்திருந்தால் அன்று பாடம் இல்லை. தாம் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும், நீர் திடீரெனக் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது. உடனே கரையேறவேண்டும் என்பதே அவர் முதலிற் சொன்னது.

பின்பு விரல்களை மடக்கிக்கொண்டு, "கூப்பிடு, நீட்டு, எறி, படகுல போ" என்றார். ஐந்தாவது விரலை மடக்கவில்லை. "நீந்திப் போறது கடைசி. அது பழகினவங்களுக்கு மட்டுந்தான். உங்களுக்கு நாலு விரல்தான்" என்றார். கரையில் நிற்பவன் படுத்துக்கொண்டே கம்பை நீட்டவேண்டும்; நின்று நீட்டினால் மூழ்குபவன் அவனையும் இழுத்துவிடுவான். நீட்ட எட்டாவிட்டால் கயிறு. அவரிடம் மீட்போர் கையாளும் எறிகயிற்றுப் பை ஒன்று இருந்தது. நீரில் மிதக்கும் பொலிப்புரொப்பிலீன் கயிறு அதற்குள் திணிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதை அவர் அன்று வெளியே எடுக்கவேயில்லை. ஐந்து லீற்றர் எண்ணெய்க் கான் ஒன்றை மூடி இறுக்கி, அதன் பிடியில் கயிற்றைக் கட்டி, "இது ஒவ்வொரு வீட்டிலயும் இருக்கு" என்று கொடுத்தார். எறிவதற்குச் சற்றுப் பாரம் வேண்டுமென்று கானுக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டிருந்தார்.

ஒரு பையன் கயிற்றின் நுனியைத் தன் கையிற் சுற்றிக்கொண்டான். வாலிபரின் உடல் முன்னே சாய்ந்தது. கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பரீட்சையில் தவறிய இடம் இதுவே என்பது எமக்கு விளங்கிற்று. "தம்பி, இப்ப தண்ணிக்குள்ள இருக்கிறவன் இழுத்தா என்ன ஆகும்?" என்று மட்டுமே கேட்டார். பையன் கையைப் பார்த்தான், சுற்றை அவிழ்த்தான்.

பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, எங்க மாதிரிப் பொம்பளைங்க எறிஞ்சா அம்புட்டுத் தூரம் போகுமா?" என்று கேட்டார்.

"எறிஞ்சு பாருங்க அம்மாயி."

முதல் எறி காலடியிலேயே விழுந்தது. எல்லாரும் சிரித்தனர். இரண்டாவது எறி பக்கத்துப் புதரில் விழுந்தது. மூன்றாவது, கயாக்கின் அருகே நீரில் மிதந்துகொண்டிருந்த வாலிபரின் தோளைத் தாண்டிப் போய் விழுந்தது. அவர் மல்லாந்து, கயிற்றைத் தோள்மேல் போட்டுப் பிடித்துக்கொண்டார். மூதாட்டியும் இரண்டு மாணவிகளும் அவரைக் கரைக்கு இழுத்தனர். நாற்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த தோள் அது. இழுப்பதில் அவருக்குத் துணையே தேவைப்படவில்லை.

மீட்ட பின் செய்வதையும் காட்டினார். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம்மிடையே இன்னும் உண்டு. அதனால் காலம்தான் வீணாகிறது. மூச்சு நின்றவருக்கு உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதே முதல் வேலை, அதன்பின் மார்பை அழுத்தவேண்டும் என்று துணிப்பொம்மை ஒன்றை வைத்து விளக்கினார். இப்பகுதி நீண்டது, சிறுவர் சிலர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றனர்.

பிற்பகலில் அணைக்குக் கீழே, முழங்காலளவு நீர் பாறைகளுக்கிடையே ஓடும் இடத்துக்குப் பெரிய பையன்களை மட்டும் அழைத்துச் சென்றார். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து செல்லவேண்டும் என்றார். அடுத்ததாக, பெரிய பாறையொன்றின் பின்புறத்தைச் சுட்டிக்காட்டினார். அங்கே நீர் சற்றே திரும்பி, மேல்நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. களைத்தவன் இளைப்பாறவும் படகு நின்று திரும்பவும் ஏற்ற இடம் அதுவே. இதைச் சொல்ல வந்தபோதுதான் அவருக்கு வார்த்தை தடைப்பட்டது.

கித்துல்கலையில் இதற்கு ஆங்கிலச் சொல்லையே வழங்குவார்களாம். தமிழில் 'சுழி' என்று சொன்னதும் பையன்கள் பின்வாங்கினர். சுழி என்றால் ஆளை விழுங்குவது என்றே அவர்கள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். நண்பர் 'எதிரோட்டம்' என்றார். ஓட்டம் என்றால் ஓடும், இங்கே நிற்கவல்லவா வேண்டும் என்று ஒரு பையன் மறுத்தான். நாமும் அகராதித் தமிழில் இரண்டு சொற்களை எடுத்து வைத்தோம். அவற்றை எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

கரையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அந்த மூதாட்டி, தலை நிமிராமலே, "மழைக்கு ஒதுங்குற மாதிரி தண்ணி ஒதுங்கி நிக்குது. ஒதுக்குத் தண்ணின்னு சொல்லுங்களேன்" என்றார்.

"ஒதுக்குத் தண்ணி" என்று பையன்கள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தனர். முதலாமவன் மல்லாந்து படுத்து, பாறையைச் சுற்றி மிதந்து வந்து, அதன் பின்னே நின்றான். வாலிபர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பரீட்சைக்கென வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து அச்சொல்லை எழுதிக்கொண்டார்.