தம்பி இறங்கிய நாள்



நம் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சகோதரி அவர்கள் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவள், பிழைப்பு தையல். ஆனால் சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஓர் இளம் தாய் எழுந்து, "சின்னப் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்று யாராவது சொல்லித் தாருங்களேன்" என்று கேட்டார். கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாய்க்காகவே எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளை வளர்க்கும் வேலையை நான் தொடங்கியது என் 6ஆம் வயதில். பெற்றுக்கொண்டு அல்ல, சுமந்துகொண்டு.

பாலக்கோடு பக்கம் ஒரு மேட்டாங்காட்டுக் கிராமம் எங்களுடையது. மழை பெய்தால் கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை, பெய்யாவிட்டால் கூலி. 1980இல் தம்பி பிறந்தான். மூன்று மாதம் கழிந்ததும் அம்மா களை பறிக்கப் போய்விட்டாள். தம்பி என் இடுப்புக்கு வந்தான். பள்ளிப் பதிவேட்டில் என் பெயர் இருந்தது, நான் இல்லை. சில நாள் தம்பியோடு போய் வகுப்புக்கு வெளியே திண்ணையில் உட்காருவேன். அவன் அழத் தொடங்கியதும் வாத்தியார் என்னைப் பார்ப்பார். நான் எழுந்து வந்துவிடுவேன். பாண்டி ஆடினாலும் தண்ணீருக்குப் போனாலும் அவன் இடுப்பில்தான். என் வயதுப் பெண்கள் பலருக்கும் இதே கதைதான். ஒரு பக்கம் சாய்ந்தே நடப்போம்.

1981ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நாள், தெருவில் உறுமி மேளம் கேட்டது. காளை கொண்டு வருகிறார்கள் என்று எல்லோரும் ஓடினார்கள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அடுப்பில் கொஞ்சம் தணல்தான் இருந்தது. ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நானும் ஓடினேன். திரும்பி வரும்போது வாசலிலேயே அவன் அலறல் கேட்டது. வலக்கையின் கடைசி இரண்டு விரல்கள் வெந்து, ஆறியபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டி மட்டும், "அவளத் திட்டாத, அவளே கொழந்ததான" என்றாள். நானும் குழந்தை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

1982 ஜூலை 1ஆம் நாள், திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். 2 வயது முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் கிராமந்தோறும் மையங்களில் அது சேர்ந்தே தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் மாரியம்மன் கோவில் மண்டபத்தில் பால்வாடி வந்தது. தம்பிக்கு அப்போது சரியாக 2 வயது. அவனைப் பாயில் இறக்கி உட்கார வைத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். ஆயா அம்மா, "நீ எதுக்கு நிக்கற? பள்ளிக்கூடம் போ கண்ணு" என்றார். இடுப்பு லேசாக இருந்தது. நேராக நடக்கத் தெரியவில்லை. சோறு தம்பிக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டாம் வகுப்பு கிடைத்தது.

அந்தப் பால்வாடி அக்கா பக்கத்து ஊர்க்காரர், இளம் வயதில் கணவரை இழந்தவர். எங்கள் தெருவுக்குப் பிள்ளை வளர்ப்பு சொல்லித் தந்தவர் அவரே. உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு மாதம் ஒரு முறை எடை போடுவார். பிள்ளை அழகாக இருக்கிறதா என்று அவர் பார்க்க மாட்டார். போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்றே பார்ப்பார். ஏறவில்லை என்றால் மாலையில் அந்த வீட்டுக்குப் போவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். "மூணு வேளையும் களிதான தின்றான், இன்னும் என்ன?" என்று பாட்டி சண்டைக்குப் போனாள். அவர் தம்பியின் கையை மூடி, "இவ்வளவுதான் இவன் வயிறு. மூணு தடவ ரொப்பினா பத்தாது, அஞ்சு தடவயா பிரிச்சுக் குடுங்க" என்றார். கேழ்வரகை முளைகட்டி, காய வைத்து அரைக்கச் சொன்னார். அந்த மாவில் காய்ச்சிய கூழ் கெட்டியாகாமல் இளகி நிற்கும். ஆகவே அதே கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மாவைச் சேர்க்கலாம். மேலே ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் வெல்லம், வறுத்துப் பொடித்த கடலை. கடலை பித்தம் என்றாள் பாட்டி. கடைசியில் இருவரும் பாதி வழியில் சந்தித்தார்கள்: கடலைப்பொடி பகலில் மட்டும். தாய்மார்களே, பொடியாகத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கடலை சிறு பிள்ளையின் மூச்சை அடைத்துவிடும்.

ஆறாம் வகுப்பில் இந்தப் பள்ளிக்கு வந்தேன். சந்தை நாளில் வகுப்பில் பாதிப் பெண்கள் இருக்க மாட்டார்கள். அதற்காகப் பிரம்பை எடுக்காத ஒரு சகோதரி இருந்தார். மறுநாள் ஒவ்வொருத்தியையும் அழைத்து, "வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?" என்று மட்டும் கேட்பார். எட்டாம் வகுப்பில் மூன்று மாணவிகளின் வீடுகளுக்கு அவர் நடந்தே போய்ப் பேசி வந்தார் என்று பிற்பாடு அறிந்தேன். அவருடைய அந்தக் கேள்வி எனக்குப் பின்னால் மிகவும் உதவியது.

1994இல் திருமணமாகிப் பென்னாகரம் வட்டத்துக்கு வந்தேன். அங்கே பெண்கள் குழு ஒன்று இருந்தது. இன்று தமிழ்நாடு முழுவதும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. ஆனால் அனைத்துலக வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் அந்தத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் 18 பேர். சனிக்கிழமை இரவு கூட்டம். 18 பேரோடு இருபதுக்கு மேல் பிள்ளைகளும் வரும். ஒன்று மடியில் நெளியும், ஒன்று கணக்கு நோட்டைக் கிழிக்கும், ஒன்று பசிக்கிறது என்று கத்தும். கடன் கணக்கு ஒரு நாளும் ஒழுங்காக முடியாது. ஒரு நாள் எங்கள் தலைவி அக்கா பொறுக்க முடியாமல், தாமதமாக வந்த ஒருத்தியைப் பார்த்து, "இன்னிக்கு நீ கூட்டத்துல உக்காராத. எல்லாப் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வேப்ப மரத்தடிக்குப் போ" என்றார். தண்டனையாகத்தான் அது தொடங்கியது. அடுத்த வாரம் அவளே, "நானே போறேன்" என்றாள். பிறகு முறை வைத்துக்கொண்டோம்.

பொம்மை வாங்க எங்களிடம் பணம் ஏது? புளியங்கொட்டையை எண்ணிப் பத்துப் பத்தாகக் குவிப்போம். கண்ணைக் கட்டிக்கொண்டு கையில் இருப்பது கொள்ளா, துவரையா என்று தடவிச் சொல்ல வேண்டும். (மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் கொட்டை வகை எதுவும் கூடாது. மூக்கில் போட்டுக்கொண்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான்.) மாதம் ஒரு முறை கூட்டாஞ்சோறு: ஆளுக்கொரு பிடி அரிசி, ஒரு வீட்டுத் தக்காளி, ஒரு வீட்டு முருங்கைக்கீரை. வீட்டில் கீரையைத் துப்புகிற பிள்ளைகள் தாம் பறித்த கீரையைத் துப்பவில்லை. லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் பழைய டயரில் ஊஞ்சல் கட்டித் தந்தார். "பொம்பளைங்க வேலைக்கு வந்துட்டான்" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவர் காதில் வாங்கவே இல்லை.

கடலை பிடுங்கும் காலத்தில் மறுபடியும் பழைய கதை வந்தது. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பெண்கள் தம்பி தங்கைகளோடு வீட்டில் நின்றார்கள். 2 வயது ஆகாத குழந்தையைப் பால்வாடியில் விட முடியவில்லை. அந்தச் சகோதரியின் கேள்வியை நான் குழுவில் கேட்டேன்: "வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?" வெகுநேரம் பேசினோம். கடைசியில் வயதான இரண்டு அம்மாமார் கைக்குழந்தைகளைக் கோவில் மண்டபத்தில் வைத்துக்கொள்வது என்றும், காட்டுக்குப் போகிற ஒவ்வொருத்தியும் தன் கூலிக் கடலையில் ஒரு படி அவர்களுக்கு அளப்பது என்றும் முடிவாயிற்று. ஒரு படி கடலை பெரிதில்லை என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு படிக்காக இரண்டு பேர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எழுதலாமா என்று யோசித்தேன். 1998இல் எனக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. என் மாமியார் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சொல் தவறாகப் பேசவுமில்லை. அந்த மௌனம் நம் மாவட்டத்தில் எதைக் குறிக்கும் என்பது அக்காலத்தில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது; அதே 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில், 6 வயதுவரை உள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இங்கு இருந்தனர். 2011இல் அது 900ஐத் தாண்டியது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குப் பெண் பிறந்தாலும் அன்று மாலையே அத்தனை பேரும் அந்த வீட்டுக்குப் போய்விடுவோம். அறிவுரை எதுவும் சொல்ல மாட்டோம். ஆளுக்கொரு பிடி கேழ்வரகு, ஒருத்தி கோழிமுட்டை, ஒருத்தி பழஞ்சேலை. குழந்தையைக் கை மாற்றி மாற்றி வாங்கி, யார் ஜாடை என்று வழக்காடிவிட்டு வருவோம். எனக்கும் வந்தார்கள். பதினேழாவது கையிலிருந்து குழந்தையைத் தலைவி அக்கா நேராக என் மாமியாரின் மடியில் வைத்துவிட்டு, "அத்தை, கொஞ்சம் பிடிங்க, காபி ஆறிப்போவுது" என்றார். மாமியார் பிடித்தார். அந்தக் குழந்தைக்குத்தான் பிற்பாடு அவர் இரவுதோறும் கதை சொன்னார். எனக்கு ஒரு கதைகூடச் சொன்னதில்லை.

பிள்ளைகளின் பல்லைப் பற்றியும் ஒரு சொல். நம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்தது. பால்பல் விழுந்து முளைக்கும் பல் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்து வந்தால், அது தேய்க்காத குற்றமன்று. அந்தப் பல் ஈறுக்குள் உருவான சின்ன வயதில் குடித்த தண்ணீரின் குற்றம். என் பற்களும் அப்படியே. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதிகமாகும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அந்தக் குழாயில் நீர் குறைவாக வரும் நாளில், முதல் குடத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள். மற்றதைக் குளிக்கவும் துவைக்கவும் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பேரன் காலம். பெரிய மகள் ஓசூரில் இருக்கிறாள். கணவன் மனைவி இருவருக்கும் தொழிற்சாலை வேலை. பேரன் இரண்டரை வயதிலும் நாலைந்து சொற்களுக்கு மேல் பேசவில்லை. கைப்பேசியைக் கொடுத்தால்தான் சாப்பிடுவான். நானும் கொடுத்தவள்தான், அமைதியாக ஒரு ரவிக்கை தைத்து முடிக்க வேண்டும் என்று கொடுத்தேன். மருத்துவர் முதலில் காதைச் சோதிக்கச் சொன்னார். இதை ஒருவரும் விட்டுவிடாதீர்கள். பேசாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காது நன்றாக இருந்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், அதன்பின் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை எடுத்துச் சொன்னார்.

மூன்று மாதம் அவனைக் கிராமத்தில் வைத்திருந்தேன். முதல் வாரம் அவன் அழுத அழுகையில் நானே தோற்றுவிடுவேன் போலிருந்தது. பிறகு கோழியின் பின்னால் நடந்தான். நான் செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்தேன்: "ஊசி எடுக்கறேன், நூல் கோக்கறேன், பாட்டிக்குக் கண்ணு தெரியல, நீ பாரு." அங்கன்வாடிக்கு நாளும் இரண்டு மணி நேரம் அனுப்பினேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக வந்தது. முதலில் "நூலு". மகள் கைப்பேசியில் அதைக் கேட்டு அழுதாள். அதற்குக் கைப்பேசி உதவிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். ஒட்டிய விரல்களோடு மினி லாரி ஓட்டுகிறான். பாலக்கோட்டுத் தக்காளி ஏற்றுகிறான். தாமதமாகத் திருமணம் செய்துகொண்டான். அவன் மூத்த மகள் இந்த ஆண்டு நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஜூன் மாதம் சேர்க்கை அன்று நானும் போயிருந்தேன். அவன் மனைவிக்கு அன்று காய்ச்சல்; ஆகவே இளையவனையும் அழைத்து வந்திருந்தான். பெரியவள் பழக்கத்தில் தம்பியைத் தூக்கக் கை நீட்டினாள். "நீ உள்ள போ" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான். மணி அடித்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரிசைக்கு ஓடினாள்.