காணாமல்போன டைரி

அப்பாவின் டைரியை இரண்டு மாதமாகத் தட்டச்சு செய்து வருகிறேன். இடது மானிட்டரில் ஸ்கேன் செய்த பக்கம். வலது மானிட்டரில் என் கோப்பு.

போன செவ்வாய்க்கிழமை மதியம் வலது மானிட்டர் இருண்டுவிட்டது. கோப்பைத் திறந்தால் கீழே டாஸ்க்பாரில் பெயர் மட்டும் தெரிகிறது; எழுத்தைக் காணோம். வயிற்றைப் பிசைந்தது. மகனைக் கேட்கலாமென்றால் அமெரிக்காவில் நடுராத்திரி.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "கேபிள் மாட்டியிருக்குப்பா. அதனால மானிட்டர் அணைஞ்சது கம்ப்யூட்டருக்குத் தெரியல. கோப்பை அங்கேயே திறக்குது. டாஸ்க்பார்ல பெயரைச் சொடுக்கிட்டு, விண்டோஸ், ஷிஃப்ட் ரெண்டையும் அழுத்திப் பிடிச்சு இடது அம்புக்குறியைத் தட்டுங்க."

தட்டினேன். கோப்பு இடது திரைக்கு வந்தது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

மானிட்டருக்குப் பின்னால் பவர் ஒயர் லேசாகக் கழன்றிருந்தது. அழுத்திச் செருகினேன், வெளிச்சம் வந்தது. மறுவேலையாகப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன்.