மூன்று புள்ளி

எமது கலாசாலையை விட்டு நீங்கி, வேறோர் ஊரில் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த முதலாண்டில், 'மழை' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு வகுப்பு மாணாக்கரைப் பணித்தோம். ஏனையோர் கார்மேகத்தையும் களிமயிலையும் பாடமாக்கியவாறே எழுத, ஒருவன் மாத்திரம் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதையும், ஒழுக்குக்கு வைத்த பானையும் குடமும் கிண்ணமும் வெவ்வேறு குரலில் ஒலிப்பதையும் எழுதியிருந்தான். "பொருளை விட்டு விலகியது" எனச் சிவப்பு மையாற் குறித்து, பத்துக்கு மூன்று புள்ளி இட்டோம்.

ஆக்கத்திறனை அளக்கும் முறைகளைப் பற்றிப் பின்னாளில் வாசிக்குந்தோறும் அக்கொப்பியே எம் கண்முன் நிற்கின்றது. 1950இல் அமெரிக்க உளவியற் சங்கத் தலைவராயிருந்த கில்போர்டு என்பார், இத்துறை புறக்கணிக்கப்பட்டமையைத் தமது தலைமையுரையில் எடுத்துக்காட்டினார். அவர் வகுத்த சோதனையொன்று, செங்கல்லை எவ்வெவற்றுக்குப் பயன்படுத்தலாமெனக் கேட்கும். வீடு, மதில், கிணறு என அடுக்குவோனுக்கு எண்ணிக்கையாற் புள்ளியுண்டு. ஆயின் அவை யாவும் கட்டுதல் என்னும் ஒரே வகையினுள் அடங்கும். இடித்துத் தூளாக்கிப் பித்தளை துலக்கலாம் என்பவனே வகையாலும் அருமையாலும் மேம்படுவான். அருமையோ உடனெழுதியோரைப் பொறுத்தது. குத்துவிளக்குத் துலக்கிய எம் அன்னையர்க்கு அவ்விடையில் என்ன புதுமை!

மெட்னிக் 1962இல் வெளியிட்ட முறை வேறு. மூன்று சொற்களைத் தந்து, அவற்றைப் பிணைக்கும் நாலாவதைக் கேட்பது அது. தமிழில் அமைப்பதாயின் தேங்காய், பசு, கள்ளி எனக் கொடுக்கலாம், விடை பால். விடை ஒன்றேயாதலின் திருத்துவது எளிது. ஆயினும் அதனை விடுகதைத் திறன் என்பதே பொருந்துமென்பது எமது கருத்து.

அமபைல் அம்மையார் 1982இல் விளக்கிய முறையே எம் மனத்துக்கு உகந்தது. ஆக்கிய பொருளையே, அத்துறை அறிந்த பலர், ஒருவரோடொருவர் கலவாது தனித்தனியே மதிப்பிடுவர். மதிப்புகள் ஒத்துவரின் அதுவே அளவாகும். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடுவித்த எம் முன்னோர் அவைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

எனினும், அன்று அக்கட்டுரையை எம்மோடு கற்பித்த பண்டிதர் மூவரிடம் தனித்தனியே கொடுத்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? மூவரும் மூன்று புள்ளியே இட்டிருப்பர். நாமெல்லாம் ஒரே மரபில் ஊறியவர்கள். செங்கற் சோதனையிலும் அவன் தோற்றிருப்பான் என்றே எண்ணுகிறோம். ஓர் ஒழுக்கின் ஓசையை நெடுநேரம் கேட்டிருப்பவனுக்குப் பல விடை அடுக்க அவகாசமேது?

அடுத்த கட்டுரையில் அவனும் மயிலையே எழுதினான். எட்டுப் புள்ளி கொடுத்தோம்.