பாசிர் ரிஸ் கரையிலிருந்து பசிபிக்கின் அடித்தரை வரை

கிழக்கு-மேற்கு எம்ஆர்டி தடத்தின் கடைசி நிலையம் பாசிர் ரிஸ். அங்கிருந்து சற்று நடந்தால் கடல். வார இறுதியில் கரை முழுக்கக் கூடாரங்களும் கோழி வாட்டும் புகையும்தான். ஒரு மரத்தடியில் பிறந்தநாள் பிரியாணி, அடுத்த மரத்தடியில் மலாய்க் குடும்பத்தின் விருந்து. சதுப்புநிலக் காட்டின் பலகைப் பாதையில் பிள்ளைகள் சேற்றுமீனைத் தேடிக் குனிந்திருப்பார்கள். எதிரே புலாவ் உபின், இடையே நீரில் மிதக்கும் மீன் பண்ணைகள்.

மேலிருந்து பார்த்தால் அமைதியான நீர்தான். 2015 தொடக்கத்தில் இந்த நீரிணையில் பாசி பெருகி, பண்ணை மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. பாசிர் ரிஸ் கரையிலும் அவை ஒதுங்கின. பல பண்ணைக்காரர்களின் உழைப்பு சில நாள்களில் வீணானது. கடலில் ஏதாவது குலைந்தால் முதல் அடி யாருக்கு விழும் என்பதை இந்தக் கரை அப்போதே பார்த்துவிட்டது.

அதே ஆண்டு ஜனவரியில், இங்கிருந்து வெகு தொலைவிலுள்ள ஒரு கடற்படுகைக்குச் சிங்கப்பூர் உரிமை பெற்றதை இங்கே உலவுவோரில் எத்தனை பேர் அறிவோம்?

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே, 4,000 மீட்டருக்கும் கீழே, உருளைக்கிழங்கு அளவிலான கனிமக் கட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. நிக்கல், கோபால்ட், செம்பு, மாங்கனீசு எல்லாம் அதில் உண்டு. ஒரு கட்டி சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். அங்கே சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்ய, அப்போதைய கெப்பல் நிறுவனத்தின் துணை நிறுவனமான ஓஷன் மினரல் சிங்கப்பூர், அனைத்துலகக் கடற்படுகை ஆணையத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. நம் அரசாங்கம் அதற்கு ஆதரவாளர். பரப்பளவில் அது சிங்கப்பூரைப் போல ஏறத்தாழ 80 மடங்கு.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் தரையை ‘மனிதகுலத்தின் பொதுச் சொத்து’ என்கிறது 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை. அந்த மாநாட்டை நிறைவுக்குக் கொண்டுவந்த தலைவர் நம் பேராசிரியர் டாமி கோ. பணக்கார நாடுகள் எல்லாவற்றையும் வளைத்துப் போடாதிருக்க, வளரும் நாடுகளுக்கென ஒரு பகுதி ஒதுக்கி வைக்கப்பட்டது. சிங்கப்பூருக்குக் கிடைத்ததும் அந்த ஒதுக்கீட்டிலிருந்துதான். ஐநா அரங்கில் நாம் வளரும் நாடுகளின் வரிசையில் நிற்பதால் விதிப்படி அது சரி. ஆனால், பந்தியில் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டாமா?

அங்கே நவ்ரு இருக்கிறது. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். மக்கள் 12,000 பேர் அளவில். பாஸ்பேட்டுக்காகத் தோண்டித் தோண்டி, தீவின் நடுப்பகுதியே பாழானது. அந்த நாடுதான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆதரவாளராகி, சுரங்க விதிகளை இரண்டே ஆண்டில் முடிக்கும்படி 2021ல் கெடு வைத்தது. நிறுவனத்தை ஒழுங்காகக் கண்காணிப்பது ஆதரவு தரும் நாட்டின் கடமை என்று அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 2011லேயே கருத்துரைத்திருக்கிறது. அத்தனை சிறிய நாட்டால் அது ஆகிற காரியமா?

லாபத்தை எப்படிப் பகிர்வது என்பதும் தீரவில்லை. தங்களுக்கு வரப்போவது சொற்பமே என்று ஆப்பிரிக்க நாடுகள் குரல் கொடுத்தன. காங்கோ, ஸாம்பியா போன்ற நாடுகளின் வருமானமே நிலத்தில் எடுக்கும் கோபால்ட்டிலும் செம்பிலும் இருக்கிறது. கடலிலிருந்து மலிவாக வந்தால் அவர்கள் பிழைப்பு என்னாகும்? கடலையே நம்பியிருக்கும் பசிபிக் தீவு மக்களோ, கலங்கும் வண்டல் எங்கே போய்ப் படியும் என்று அஞ்சுகிறார்கள். 1979ல் சோதனை இயந்திரம் ஓடிய தடம், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அடித்தரையில் அழியாமல் இருந்தது.

இது தமிழகத்துக்கும் தூரத்து விஷயமன்று. இந்தியப் பெருங்கடலில் இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டர் ஆய்வுப் பகுதி உண்டு. அதற்கான இயந்திரத்தைச் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2021ல் 5,270 மீட்டர் ஆழத்தில் சோதித்தது.

மின்சாரக் கார்களுக்கு இந்த உலோகங்கள் வேண்டும் என்பது சுரங்கத் தரப்பின் வாதம். நம் வீவக கார் நிறுத்துமிடங்களிலும் மின்னூட்டும் வசதி வந்துவிட்டது. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அதேநேரம், இன்று பெருகிவரும் இரும்பு-பாஸ்பேட் மின்கலன்களில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ‘பொறுத்துச் செய்வோம்’ என்கின்றன.

பாசிர் என்றால் மலாயில் மணல். மணலின் கதையும் நமக்குத் தெரியும். கம்போடியாவின் கோ காங் மீனவர்கள் நண்டும் மீனும் குறைந்ததாகப் பல ஆண்டு முறையிட்டார்கள். 2017ல் அந்நாடு மணல் ஏற்றுமதியையே நிறுத்தியது. வாங்கிய நாடுகளில் நாமும் ஒன்று. அங்கே கேட்க மறந்த கேள்வியை ஆழ்கடலிலாவது முன்கூட்டியே கேட்கலாம். 2023ல் ஆழ்கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் கரைசேர்த்த தலைவர் ரெனா லீயும் சிங்கப்பூரர்தான். நம் குரலுக்கு அந்த அவையில் மதிப்புண்டு. நமது ஒப்பந்தம் 2030 ஜனவரியில் முடிகிறது. அதற்குப் பிறகு தோண்டுவதா, காத்திருப்பதா என்று முடிவெடுக்கும்போது, நவ்ருவுக்கும் ஸாம்பியாவுக்கும் என்ன கிடைக்கும் என்ற கணக்கும் மேசையில் இருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை, ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் பாய் விரிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.