இராகலை வீதியும் பழைய கெப்பும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகக் கிழக்கே செல்லும் வீதி, தேயிலை மலைகளையும் மரக்கறித் தோட்டங்களையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டு இராகலையை அடைகிறது. அங்கிருந்து ஒரு கிளை வலப்பனைப் பக்கம் சரிகிறது. மற்றொன்று உடப்புசல்லாவையை நோக்கி வளைகிறது.

முன்னாளில் இவ்வூர் ஒரு புகையிரதப் பாதையின் கடைக்கோடி. நானுஓயாவிலிருந்து இரண்டரை அடி அகலத் தண்டவாளம் 1903-04ஆம் ஆண்டுகளில் இங்கு வந்து சேர்ந்தது. 1940களில் அப்பாதை மூடப்பட்டது. அன்று ரயில் சுமந்ததை இன்று லொறிகளும், 'கெப்' என்று பெயர் பெற்ற சிறு வாகனங்களும் சுமக்கின்றன. லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிக்கொண்டு அவை பனிமூட்டத்தில் ஊர்ந்து செல்லும் காட்சியைக் காணாதவர் இராகலையைக் கண்டவராகார்.

ஆதலால் இங்கே கெப் என்பது ஆடம்பரமன்று. ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஆயுளெல்லாம் கொழுந்து பறித்த தாய், ஓய்வு பெறும்போது கிடைத்த சேமலாப நிதியை மகனுக்கென ஒரு பழைய வண்டியில் இடுவதுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கம் வரை அத்தடை நீடித்த காலத்தில் பழைய வாகனங்களின் விலை எவ்வளவு ஏறியதென்பதை நாம் அறிவோம். அத்துணைப் பணத்தைக் கொடுக்குமுன் எதைப் பார்ப்பது?

பளபளக்கும் வண்ணப்பூச்சை அன்று. இந்த மலையைவிடச் சிறந்த பரீட்சகர் வேறில்லை என்பது நம் கருத்து.

முதற்பரீட்சை அதிகாலைக் குளிர். இரவெல்லாம் குளிரில் நின்ற டீசல் எஞ்சின் முதல் முயற்சியிலேயே உயிர் பெறுகிறதா என்று பாருங்கள். விற்பவர் முன்னதாகவே அதைச் சூடாக்கி வைத்திருந்தால், "நாளை விடியலில் வருகிறோம்" என்று எழுந்துவிடுவதே நலம். எஞ்சின் சூடேறிய பின்னும் நீலப்புகை வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று பொருள்.

இரண்டாவது ஏற்றம். சுமையோடு ஏறச் சொல்லுங்கள். எஞ்சின் அலறியும் வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

மூன்றாவது இறக்கம், எல்லாவற்றிலும் பெரியது இதுவே. தாழ்ந்த கியரில் இறங்குகையில் கியர் தானே கழன்றால் அவ்வண்டியை விட்டுவிடுங்கள். நிறுத்திய வண்டியின் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு உண்டு.

பிறகு குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். ஈர மரக்கறியின் நீரும் சேறும் பல்லாண்டு வடிந்த இடத்தில் துரு அரித்திருக்கும். புதிதாகத் தார் பூசிய அடிச்சட்டம் அழகுக்காகப் பூசப்பட்டதாக இராது. திருப்புளியால் தட்டிப் பாருங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அடிச்சட்டம் வளைந்ததோ என்றும் ஐயுறுக.

இறுதியாகப் பத்திரங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கமும் அடிச்சட்டக இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். லீசிங் கடன் தீராதிருந்தால், நிதி நிறுவனத்தின் பெயர் உரிமையாளராக அதில் நிற்கும். கையொப்பமிட்ட படிவம் மட்டும் கைமாறிக் கைமாறி வரும் வண்டி மலிவாகக் கிடைக்கலாம். அதன் பழைய வழக்கும் உடன் வரலாம்.

நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், ஆஸ்பத்திரிக்கு விரைவது பெரும்பாலும் அயலவரின் கெப்தான். காலையில் கரட் சுமந்த அதே வண்டி, அதே பிரேக், அதே இறக்கம். விலை பேசும்போது ஆயிரம் இரண்டாயிரம் குறைப்பதில் காட்டும் கெட்டித்தனத்தை, அந்த மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பார்ப்பதிலும் நம்மவர் காட்டுவாராக.