ஓரத்துக்குப் போன மூலம்

நன்னா பினாங்கிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில் அந்தக் கிதாபு கிடந்தது. முதல் சில தாள்கள் இல்லை. கடைசித் தாளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மிச்சம் இருந்த பாதியில் ‘ஹலபி’ என்று அரபியில் ஒரு சொல். அதன் கீழே மங்கிப்போன ஊதா முத்திரை. அதில் பினாங்கு என்ற பெயர் மட்டும் படிக்க முடிந்தது. எங்கே, எப்போது அச்சான நூல் இது?

கூத்தாநல்லூரில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் ஆள் போகாத வீடு குறைவு. போனவர்கள் கொண்டுவந்த பீங்கானைப் பற்றியும் கைலியைப் பற்றியும் இன்றைக்கும் பேசுகிறோம். அதே பெட்டிகளில் வந்த கிதாபுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

மதரஸா ஹஜ்ரத் இரண்டு பக்கம் புரட்டியதுமே சொல்லிவிட்டார். “இது இஆனத்துத் தாலிபீன், தம்பி. ஷாஃபி மத்ஹபு சட்டக் கிதாபு. நாலு பாகத்துல கடைசிப் பாகம் இது. நாமெல்லாம் ஹனஃபியாச்சே, நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?”

அதற்குப் பதில் அந்த முத்திரையிலேயே இருந்தது. மலாய் முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிதாபுக் கடைகளில் அதிகம் விற்றவை அவர்களுடைய பாடநூல்கள்தாம். அங்கே வாழ்ந்தவருக்கு அங்கே வழங்கிய சட்டம் தேவைப்பட்டிருக்கும்.

‘இஆனா’வை எழுதியவர் மக்காவில் பாடம் சொன்ன சையித் பக்ரி, ஹிஜ்ரி 1310-இல் மறைந்தவர். கஅபாவின் முன்னே மாணவர்களுக்கு ‘ஃபத்ஹுல் முஈன்’ நடத்தியபோது எழுதிய குறிப்புகளே இந்த விரிவுரையாக வளர்ந்தன. ஃபத்ஹுல் முஈனும் ஒரு விரிவுரைதான். பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம், தாம் எழுதிய ‘குர்ரத்துல் ஐன்’ என்ற சிறு நூலுக்குத் தாமே உரை கண்டு ஹிஜ்ரி 982-இல், அதாவது 1574-75 வாக்கில், அதை முடித்தார். போர்ச்சுகீசியர் மலபார்க் கரையை அலைக்கழித்துக்கொண்டிருந்த காலம் அது. மக்காவில் ஓதிய மலையாளக்கரை ஆலிமின் நூல் மக்காவிலேயே பாடமானது எனக்குச் சிலிர்ப்பைத் தந்தது. அவருடைய பாட்டனார், மூத்த மக்தூம், கொச்சியில் பிறந்தவர். பெயரோடு ‘அல்-மஅபரி’ என்ற அடைமொழி உண்டு. மஅபர் என்று அரபியர் அழைத்தது நம் சோழமண்டலக் கரையை. இந்த நூலின் வேர் பொன்னானியோடு நிற்கவில்லை.

இனி அச்சு. ஹலபி என்ற சொல் என்னைக் கெய்ரோவுக்குக் கொண்டுபோனது. அலெப்போ அருகே அல்-பாப் என்ற ஊரிலிருந்து வந்த அல்-பாபி அல்-ஹலபி குடும்பத்தார், அல்-அஸ்ஹரை ஒட்டி அச்சகம் நடத்தி, மத்ஹபுச் சட்ட நூல்களை உலகமெங்கும் அனுப்பியவர்கள். மக்காவிலும் 1880-களில் அரசு அச்சகம் வந்தது. அதன் மலாய்ப் பகுதியைப் பத்தானிக்காரரான ஷைகு அஹ்மது அல்-ஃபத்தானி கவனித்தார். பினாங்கு முத்திரையால் முதலில் அந்தப் பக்கம்தான் சந்தேகம் போனது. கெய்ரோப் பதிப்பைப் படமெடுத்து அச்சிட்ட பெய்ரூத் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டதும் அது தீர்ந்தது. எழுத்துக்கோப்பு ஒன்றேதான்.

அந்தப் பக்கத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். நடுவில் பெரிய கட்டத்துக்குள் சையித் பக்ரியின் உரை. மக்தூமின் ஃபத்ஹுல் முஈன் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய பத்தி. மூலம் ஓரத்துக்குப் போய், உரை நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு கிதாபு ஒரே விலையில் மாணவன் கைக்குக் கிடைக்கும். ஆனால் அச்சுக்கோப்பவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள்: உரை நீண்டுகொண்டே போக, ஓரத்து மூலம் அதைவிட்டு வெகுதூரம் விலகாமல் ஒவ்வொரு பக்கத்திலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். என் பிரதியில் சில பக்கங்களில் ஓரப் பத்தியில் நாலைந்து வரிதான். கீழே வெறும் தாள்.

யூதர்களின் சட்ட நூல் அச்சில் இதற்கு நேர் எதிரான அமைப்பு. வெனிஸில் டேனியல் பாம்பெர்க் 1520-23-இல் தல்மூதை முழுமையாக அச்சிட்டபோது மூலம் நடுவில் நின்றது. ராஷியின் உரை ஒரு பக்கம், தோசஃபோத் உரை மறுபக்கம். அந்தப் பக்க அமைப்பை இன்றுவரை அவர்கள் மாற்றவில்லை. மூத்த மக்தூம் பிறந்த கொச்சியின் யூதர்கள் தங்கள் வழிபாட்டு நூலை 18-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டு வரவழைத்தார்கள். ஒரே கரையின் இரு சமூகங்கள். இருவர் நூலும் அயலூரில் அச்சாகிக் கப்பலில் வந்தன. பிறகுதான் திரூரங்காடி போன்ற ஊர்களில் கிதாபு அச்சகங்கள் எழுந்தன.

அச்சான ஆண்டு மட்டும் பூச்சி தின்ற பாதியோடு போய்விட்டது. இப்படிப்பட்ட கிதாபுகளில் அச்சகத்தின் பெயரும், பிழை திருத்தியவர் பெயரும், ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். முதல் மூன்று பாகங்களையும் நன்னா வாங்கியிருந்தால் அவை ஊரில் யார் வீட்டிலாவது இருக்கலாம். கூத்தாநல்லூரிலோ நாகூரிலோ அதிராம்பட்டினத்திலோ பரணில் மலாயாப் பெட்டி வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் கடைசித் தாளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஓதத் தெரியாவிட்டால் படமெடுத்து உங்கள் மதரஸா ஹஜ்ரத்திடம் காட்டுங்கள்.